சீமைக்கருவேலச் சாலையில் டியூப்லெஸ்ஸா, டியூபா? தொண்டி முதல் சாயல்குடி வரை ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு ஜனவரிக் கடைசியில் இரண்டு பேர் நாகப்பட்டினத்திலிருந்து கன்னியாகுமரிக்குக் கடலோரமாகவே சைக்கிளில் கிளம்பினார்கள். தனுஷ்கோடி போய்த் திரும்புவதையும் சேர்த்து சுமார் 600 கிலோமீட்டர், ஒன்பது நாள் திட்டம். மழை ஓய்ந்து, வாடைக்காற்று பெரும்பாலும் முதுகில் தள்ளும் பருவம். இருவருமே தூரம் ஓட்டிப் பழகியவர்கள். ராமநாதபுரம் கடற்கரைக்கு மட்டும் புதியவர்கள்.

அந்த ஒன்பது நாளில் நான்கு நாளைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம். தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், ராமநாதபுரம், பாம்பன், தனுஷ்கோடி, கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி போய்ச் சேர்ந்த பகுதி. டயர் பற்றிக் கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் இந்தத் துண்டிலேயே நடந்துவிட்டது.

இரண்டு வண்டியிலும் 700×38 டயர், அதாவது 38 மில்லிமீட்டர் அகலம். ஆள், வண்டி, பை எல்லாம் சேர்ந்து ஒவ்வொன்றும் ஏறக்குறைய 105 கிலோ. ஒருவருடையது டியூப்லெஸ், அதாவது உள்ளே டியூப் இல்லாமல் டயரே ரிம்மோடு ஒட்டிக் காற்றைப் பிடித்து வைப்பது. மற்றவருடையது டியூப். இரண்டையும் ஒரே சாலையில், ஒரே எடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அதிகம் அமைவதில்லை. இந்தப் பயணத்தை எழுதி வைப்பதற்கு அதுவே காரணம்.

டியூப்லெஸ் வண்டிக்கு செப்டம்பரில் ஒரு நகரக் கடையில் சக்கரத்துக்கு 60 மில்லி வீதம் சீலன்ட், அதாவது ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் ரப்பர்ப் பால், ஊற்றியிருந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் திறந்து பார்க்கவில்லை. காற்றழுத்தம் பின்னால் 45 பி.எஸ்.ஐ., முன்னால் 40. பையில் ஒரு டியூப், ஓட்டையில் செருகும் ரப்பர் திரி ஐந்து, அதற்கான ஊசி, கைப்பம்பு, இரண்டு டயர் லீவர். பிளையர் இல்லை. டியூப் வண்டியில் காற்று பின்னால் 60, முன்னால் 55. அவர் பையில் மூன்று டியூப், ஒரு டஜன் பேட்ச், சொல்யூஷன் இரண்டு, உப்புத்தாள், சின்ன பிளையர், நகவெட்டி, விரல் நீளத்துக்கு வெட்டிய பழைய டயர்த் துண்டு ஒன்று.

சாலையில் என்ன இருக்கிறது

இந்த மாவட்டத்தில் பஞ்சருக்கு முதல் காரணம் சீமைக்கருவேல முள். மரம் சாலையோரத்தில் நிற்பதால் மட்டும் முள் டயரில் ஏறுவதில்லை. கரிமூட்டத்துக்கு விறகு ஏற்றிப் போகும் டிராக்டரிலிருந்தும், ஆட்டுக்கிடைக்கும் வேலிக்கும் இழுத்துப் போகும் கிளைகளிலிருந்தும் சிறு கொப்புகள் உதிரும். லாரிக் காற்று அவற்றைத் தார் விளிம்புக்கு ஒதுக்கும். சைக்கிள்காரர் ஓட்டுவது அதே விளிம்பில்தான். கூடவே மணல் திட்டுகளில் உடைமுள், வெற்றுத் தரையில் நெருஞ்சி.

நெருஞ்சி குட்டை முள். குத்தும், பிடுங்கினால் வந்துவிடும். கருவேல முள் அப்படியில்லை. நீளமாக இருப்பதால் நுனி டயரைத் தாண்டி உள்ளே போய்விடும். ஓட ஓட வெளிப்பக்கம் தேய்ந்து ஒடிந்து, ரப்பரோடு ரப்பராகச் சமமாகிவிடும். மேலே தடவினால் கைக்கு எதுவும் தட்டாது. உள்ளே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நுனி நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இந்த ஒடிந்த நுனிதான் மூலம்.

நிழலும் இங்கே முள்தான். இளைப்பாற ஒதுங்க வேறு மரமில்லாத இடத்தில் கருவேலத்தடியில்தான் நிறுத்த வேண்டியிருக்கும். வண்டியை உருட்டி உள்ளே கொண்டுபோகாமல் தூக்கி வைத்தாலே பாதிப் பஞ்சர் குறையும்.

முதல் நாள்: தொண்டி முதல் ராமநாதபுரம்

டியூப் வண்டிக்கு அன்று மூன்று பஞ்சர், மூன்றும் பின் சக்கரத்தில். முதலாவது தேவிபட்டினத்துக்கு முன்னால். டியூபை மாற்றிக் கிளம்பினார். நான்கு கிலோமீட்டரில் இரண்டாவது. இரண்டு டியூபையும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தபோது ஓட்டை இரண்டும் வால்விலிருந்து ஒரே தூரத்தில் இருந்தது. அதாவது முதல் முள்ளின் நுனியை எடுக்காமலே புது டியூபை மாட்டியிருக்கிறார். டயரின் பெயர் எழுத்து வால்வுக்கு நேராக வரும்படி மாட்டும் பழக்கம் அவருக்கு இருந்ததால்தான் இது புலப்பட்டது. டியூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால் டயரில் முள் எங்கே என்று நேராகக் கை வைக்கலாம். எழுத்தை நேராக்க ஒரு நொடி போதும், தேடலில் பத்து நிமிடம் மிச்சம்.

டியூப்லெஸ் வண்டி அன்று ஒரு தடவையும் நிற்கவில்லை. மாலையில் பின் டயரின் மேலே நான்கு முள் கண்ணுக்குத் தெரிந்தது. காற்று 45லிருந்து 41க்கு இறங்கியிருந்தது, அவ்வளவுதான். நிரப்பிக்கொண்டார்.

ராமநாதபுரத்தில் ஒரு சைக்கிள் கடையில் டியூப் வண்டியின் பின் டயரைக் கழற்றியபோது கடைக்காரர் சொன்னது: “தம்பி, கருவேல முள்ளு ஒடிஞ்சு உள்ளயே நிக்கும். டயரைப் பொரட்டிப் பாக்காம டியூப மாட்டாதீங்க.” டியூப்லெஸ்காரரும் பக்கத்தில்தான் நின்றார். டியூப் இல்லாத வண்டிக்கு அந்தப் பேச்சு பொருந்தாது என்று விட்டுவிட்டார்.

அங்கே எடுத்த முடிவு, டியூப் வண்டியின் பின் சக்கரத்துக்குள் ஒரு பழைய டியூபைப் பட்டையாகக் கிழித்து உறையாகப் போடுவது. இந்தப் பக்கத்துக் கடைகளில் பல காலமாக இருக்கிற வழக்கம் இது. டியூபின் உள்வட்ட ஓரமாக நீளவாக்கில் கிழித்து, வால்வுப் பகுதியை வெட்டி எறிந்து, பட்டையை டயருக்கும் டியூபுக்கும் நடுவே விரிக்க வேண்டும். இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று மூன்று நான்கு சென்டிமீட்டர் ஏறி நிற்கட்டும். அந்த முனைகளை பிளேடால் சரிவாகச் சீவாவிட்டால் மடிப்பின் விளிம்பே டியூபை அரித்து ஓட்டை போடும். கடைசியாகக் கொஞ்சம் முகப்பவுடர் தூவினால் டியூப் ஒட்டிக்கொள்ளாமல் நகரும். சக்கரம் கனக்கும், கொஞ்சம் மந்தமாக ஓடும். கடையில் இரண்டாவது பழைய டியூப் கிடைக்காததால் முன் சக்கரம் அப்படியே விடப்பட்டது.

இரண்டாம், மூன்றாம் நாள்: ராமேஸ்வரம், தனுஷ்கோடி, திரும்பும் வழி

ராமேஸ்வரம் வரை இரண்டு வண்டிக்கும் தொந்தரவில்லை. தனுஷ்கோடி போகும்போது சாலையில் ஏறிக் கிடந்த மணலுக்காக டியூப்காரர் பின் சக்கரக் காற்றை 40க்கு இறக்கினார். மணலுக்கு அது சரிதான். திரும்பும்போது ஏற்ற மறந்ததுதான் பிழை. பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்பு ஒன்றில் பின் சக்கரம் இடித்தது. டயர் நசுங்கி, டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே சிக்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு கீறல். 105 கிலோ எடையில் 38 மில்லிமீட்டர் டயருக்குள் டியூப் இருந்தால் பின்னால் 55க்குக் கீழே இறக்கக் கூடாது. அதே இடத்தை 45 பி.எஸ்.ஐ.யில் டியூப்லெஸ் சக்கரம் பாதிப்பில்லாமல் தாண்டியது. உள்ளே சிக்குவதற்கு டியூப் இல்லை. டியூப்லெஸ்ஸுக்கு நியாயமாகச் சேர வேண்டிய பெருமை இது.

வெயிலில் காற்று விரிந்து டயர் வெடித்துவிடும் என்று சிலர் நண்பகலில் காற்றைத் திறந்துவிடுகிறார்கள். தேவையே இல்லை. 50 பி.எஸ்.ஐ. உள்ள டயரில் சூடு 10 டிகிரி கூடினால் ஏறுவது சுமார் 2 பி.எஸ்.ஐ.

அன்றிரவு கீழக்கரையில் தங்கல். டியூப்லெஸ் பின் சக்கரம் ஒரே இரவில் 7 பி.எஸ்.ஐ. இழந்திருந்தது. முந்தைய இரவு இழப்பு 4. சீலன்ட் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. காலையில் பம்படித்துக் கிளம்பிவிட்டார்கள்.

நான்காம் நாள்: வாலிநோக்கம் விலக்கைத் தாண்டி

காலை பதினொன்றேகால். எதிரே வந்த பேருந்துக்கு வழிவிட்டுத் தார் விளிம்புக்கு இறங்கியபோது டியூப்லெஸ் வண்டியின் பின் டயரை உடைந்த பாட்டில் கண்ணாடி பக்கவாட்டில் கிழித்தது. கீறல் 8 மில்லிமீட்டர். அரை நிமிடத்தில் காற்று முழுதும் போனது. புது சீலன்ட் இருந்திருந்தால் வெள்ளைப் பால் பீய்ச்சியிருக்கும். இங்கே கீறலைச் சுற்றி லேசான ஈரம் மட்டும்.

முதலில் திரி செருகினார்கள். ஒன்று போதாமல் இரண்டு. முப்பது பி.எஸ்.ஐ. வரை நின்றது. ஏறி உட்கார்ந்து நானூறு மீட்டர் போவதற்குள் இரண்டும் துப்பிக்கொண்டு வந்துவிட்டன. திரியைப் பிடித்து வைத்துக்கொள்வது தரையைத் தொடும் பகுதியின் தடித்த ரப்பர். பக்கவாட்டில் இருப்பது நூல் துணியும் அதன்மேல் மெல்லிய ரப்பர்ப் பூச்சும்தான். ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும் அந்த இடத்தில் திரிக்குப் பிடிப்பு கிடையாது. சீலன்டும் இவ்வளவு பெரிய கிழிசலை அடைக்காது. ரப்பர் பாலில் இருக்கும் துகள்கள் ஓட்டையின் வாயில் திரண்டு கட்டிக்கொள்வதால்தான் அடைப்பு ஏற்படுகிறது. மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் போனால் கட்டிக்கொள்வதற்கு முன்பே காற்று அதைத் தள்ளிவிடும்.

அடுத்த முடிவு டியூப் போடுவது. அதற்கு டியூப்லெஸ் வால்வைக் கழற்ற வேண்டும். அதன் வளையத் திருகைக் கடையில் பிளையர் போட்டு இறுக்கியிருந்தார்கள். நான்கு மாதத்தில் காய்ந்த பால் மரையில் இறுகிப்போயிருந்தது. கையால் திறக்கவே முடியவில்லை. டியூப்காரரின் பிளையர் இல்லாவிட்டால் பயணம் அங்கேயே நின்றிருக்கும்.

கிழிசலுக்கு உள்ளே ஒட்டுத் துண்டு வைத்து டியூபை மாட்டி 55 வரை அடித்தார்கள். இரண்டு கிலோமீட்டரில் இறங்கியது. துண்டு நகர்ந்திருக்கும் என்று எண்ணி, அதைச் சரிசெய்து டியூப்காரரின் நல்ல டியூபைப் போட்டார்கள். அது கிளம்புவதற்கு முன்பே, சுவரில் சாய்த்து வைத்திருக்கும்போதே செத்தது. முதல் டியூபை எடுத்துப் பார்த்தால் ஓட்டை மூன்று. ஒன்றுகூடக் கிழிசல் இருந்த பக்கத்தில் இல்லை.

அப்போதுதான் ராமநாதபுரம் கடைக்காரரின் பேச்சு டியூப்காரருக்கு நினைவு வந்தது. டயரை முழுதாகக் கழற்றி உள்பக்கத்தை வெளியே புரட்டினார்கள்.

உள்ளே அங்கங்கே பரு மாதிரி வெள்ளையாகப் புடைத்திருந்தது. பார்வைக்குக் காய்ந்த சீலன்ட் கட்டி. நகத்தால் சுரண்டினால் உள்ளே கறுப்பாக முள் நுனி. மூன்று நாளாகக் குத்திய முள் எல்லாம் அங்கேயே இருந்தது. சீலன்ட் ஒவ்வொரு நுனியையும் மூடி, காற்று போகாமல் காத்திருக்கிறது, அவ்வளவுதான். வண்டி நிற்காமல் ஓடியதால் எதுவும் ஏறவில்லை என்று நினைத்திருந்தார்கள். டியூப் இல்லாதவரை அந்த நுனிகளால் கெடுதலில்லை. டியூப் உள்ளே வந்த நிமிடத்திலிருந்து ஒவ்வொன்றும் ஒரு பஞ்சர்.

வழியில் மொபட்டில் வந்த ஒருவர் நின்று விசாரித்துவிட்டு, “இருங்கண்ணே, ஊருக்குள்ள டியூப் இருக்கும்” என்று போய் 28 இஞ்ச் டியூப் ஒன்றை வாங்கி வந்தார். சாதாரணச் சைக்கிளுக்கான 28×1½. அளவில் கொஞ்சம் பெரிது என்றாலும் மடிப்பு விழாமல் பரப்பினால் ஆபத்துக்கு உதவும். ஆனால் அதன் வால்வுத் தண்டு தடிமன். அதற்கு ரிம்மில் எட்டரை மில்லிமீட்டர் துளை வேண்டும். இந்த ரிம்மில் இருந்தது பிரெஸ்டா என்ற மெல்லிய வால்வுக்கான ஆறரை மில்லிமீட்டர் துளை. டியூப் கையில் இருந்தும் மாட்ட வழியில்லை. அவருடைய நேரத்துக்கு நன்றி சொல்லி, டியூபுக்கு உரிய காசைக் கொடுத்து அனுப்பினார்கள்.

மிச்சமிருந்தது ஒரே வழி, முள் ஒவ்வொன்றையும் எடுப்பது. பருத்தித் துணியை உள்வட்டத்தில் மெல்ல இழுத்துக்கொண்டே போனால் நுனி இருக்குமிடத்தில் நூல் மாட்டும். விரலால் தேடக் கூடாது, குத்தும். குத்தாத மழுங்கல் நுனி விரலுக்குத் தெரியாமலும் போகும். பிளையரால் பிடிக்க முடியாத குட்டை நுனிகளுக்கு நகவெட்டிதான் கைகொடுத்தது. இரண்டு உதடும் டயரோடு ஒட்டிப் பிடித்து, வெட்டாமல் நெம்பி எடுக்க வேண்டும். அழுத்தினால் முள் வெட்டுப்பட்டு மறுபடி உள்ளே நின்றுவிடும். மொத்தம் 14 நுனி. முப்பத்தைந்து நிமிடம்.

பிறகு பழைய டயர்த் துண்டின் விளிம்புகளைச் சீவி மெலிதாக்கி, கிழிசலுக்கு நேராக உள்ளே வைத்தார்கள். டியூபின் மூன்று ஓட்டையையும் ஒட்டினார்கள். அதற்கு முன் டியூபில் பட்டிருந்த சீலன்ட் ஈரத்தை முழுதும் துடைத்து உப்புத்தாள் போட வேண்டியிருந்தது, அதன்மேல் பேட்ச் பிடிக்காது. சொல்யூஷனை மெலிதாகப் பூசி, பளபளப்பு போய் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை ஐந்து நிமிடம் விட்டுத்தான் பேட்சை அழுத்த வேண்டும். அவசரத்தில் ஈரத்திலேயே ஒட்டுவதால்தான் பாதிப் பேட்ச் வெயிலில் கிளம்பிவிடுகிறது.

கிளம்பும்போது மணி இரண்டுக்கு ஐந்து நிமிடம் குறைவு. மொத்தத்தில் போனது 2 மணி 40 நிமிடம். சாயல்குடிக்குள் நுழையும் முன் டியூப் வண்டியின் முன் சக்கரத்தில் ஒரு முள் ஏறியது. உறை போடாத சக்கரம். இருபது நிமிடத்தில் முடிந்தது.

முன் சக்கரத்தை என்ன செய்வது

டியூப்லெஸ் வண்டியின் முன் சக்கரத்திலும் அதே வயது சீலன்ட், அதே முட்கள். சாயல்குடியில் இரவு முழுக்க விவாதம். சைக்கிளுக்கான சீலன்ட் அங்கே கிடைக்கவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு விற்கும் கெட்டியான கூழை ஊற்றலாமா என்று யோசித்துக் கைவிட்டார்கள். டயரில் காய்ந்த பால் இருக்கும்போது அது எப்படிப் பிடிக்கும் என்று உறுதியில்லை. டயரைத் திறந்தால் ஓரத்தில் மணல் சேரும். பிறகு கைப்பம்பால் டயர் ஓரத்தை ரிம்மில் ஏற்றி உட்கார வைப்பது முடியாத காரியம். அதற்கு ஒரே வேகத்தில் பாயும் காற்று, அதாவது பஞ்சர்க் கடை கம்ப்ரசர் வேண்டும். கடைக் காற்றுக்குழாய் பொருந்துவதற்காக பிரெஸ்டா வால்வுக்குமேல் திருகும் பித்தளை அடாப்டரும் அவர்களிடம் இல்லை. முன் சக்கரம் இரவுக்கு 5 பி.எஸ்.ஐ.க்கு மேல் இழக்கவில்லை. எடையும் பின் சக்கரத்தில் பாதிதான். தொட வேண்டாம், காலையும் மாலையும் காற்று அளந்தால் போதும் என்பது முடிவு.

அந்த முடிவு சரியாகவே அமைந்தது. முன் சக்கரம் கன்னியாகுமரி வரை தாங்கியது. ஊர் திரும்பித் திறந்தபோது உள்ளே 7 முள் நுனி, ஒரு தேக்கரண்டி அளவுக்கு மேல் போகாத சீலன்ட். டியூபோடு ஓடிய பின் சக்கரம் இன்னும் ஒரே ஒரு பஞ்சரோடு முடித்தது.

கணக்கு

நான்கு நாளில் டியூப் வண்டி ஐந்து தடவை நின்றது. முள்ளால் நான்கு, அதில் ஒன்று எடுக்காமல் விட்ட பழைய நுனி. காற்று குறைவால் ஒன்று. ஒவ்வொன்றும் இருபது இருபத்தைந்து நிமிடம், ஆக மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. டியூப்லெஸ் ஒரே தடவை நின்றது, 2 மணி 40 நிமிடம்.

நேரத்தை மட்டும் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் டியூப் வண்டியின் ஐந்து நிறுத்தத்திலும் தீர்வு பையிலேயே இருந்தது. டியூப்லெஸ் வண்டியின் ஒரே நிறுத்தம் மற்ற வண்டியின் பிளையரையும் நகவெட்டியையும் டயர்த் துண்டையும் நம்பித் தீர்ந்தது. தனியாக வந்திருந்தால் வண்டியைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றியிருப்பார்.

இவ்வளவுக்குப் பிறகும், இந்த முள்நாட்டுக்கு டியூப்லெஸ்ஸே மேல் என்பது எங்கள் முடிவு. 14 நுனி உள்ளே நின்ற நிலையில் மூன்று நாள் ஒரு தடவையும் இறங்க வைக்காத டயரைக் குறை சொல்ல முடியாது. தவறு டயரில் இல்லை. நான்கு மாதச் சீலன்டை நம்பியதும், டியூபை ‘இருக்கட்டும்’ என்று எடுத்துப் போனதோடு அதை மாட்டும் வழியை யோசிக்காததும்தான் தவறு. கடைசித் தீர்வு டியூப் என்றால், அந்தத் தீர்வுக்கு டயரின் உள்பக்கம் தயாராக இருக்க வேண்டும்.

என்ன மாற வேண்டும்

வெயில் ஊரில் சீலன்டை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். நெடும்பயணத்துக்குக் கிளம்பும் வாரத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும். சக்கரத்தை அரை மணி நேரம் அசைக்காமல் வைத்து, வால்வை அடிப்பக்கத்திலிருந்து சற்றே மேலே, கடிகாரத்தில் ஐந்து மணி முள் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, காற்றை இறக்கி, வால்வின் உட்பகுதியைக் கழற்றி ஒரு ஈர்க்கை விட்டுப் பார்த்தால் போதும். ஈர்க்கு நனையாமல் வந்தால் 38 மில்லிமீட்டர் டயருக்கு 60 மில்லி புதிதாக ஊற்ற வேண்டும். நனைந்தும் அளவு குறைந்திருந்தால் 30 மில்லி. சேறாக ஒட்டிக்கொண்டு வந்தால் டயரைக் கழற்றி, பழையதை உரித்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். அப்படிக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் துணி இழுத்து முள் பார்க்க வேண்டும்.

வால்வு வளையத்தைக் கையால் மட்டும் இறுக்க வேண்டும். கடையில் பிளையர் போட்டிருந்தால் வீட்டிலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்த்துவிட வேண்டும்.

டியூப்லெஸ்காரரின் பையில் டியூப் ஒன்றல்ல, இரண்டு. கூடவே பிளையர், நகவெட்டி, ஒரு முழம் பருத்தித் துணி, டயர்த் துண்டு, பேட்ச் சாமான், பித்தளை அடாப்டர். கார், பைக் பஞ்சருக்குக் கடைகளில் போடும் தடித்த திரியைச் சைக்கிளில் செருக விடக் கூடாது. அதற்காக ஓட்டையைப் பெரிதாக்குவார்கள், மெல்லிய டயரில் அது நிற்காது.

புதிதாகச் சக்கரம் கட்டுகிறவர்கள் எட்டரை மில்லிமீட்டர் துளை போட்ட அகல ரிம்மை எடுத்து, பிரெஸ்டா வால்வுக்குத் துளையைக் குறுக்கும் வளையம் போட்டு ஓட்டலாம். கிராமத்துக் கடையில் தொங்கும் டியூபும் அப்போது உதவும். ஏற்கெனவே கட்டிய ஒடுக்கமான ரிம்மைத் துளைத்துப் பெரிதாக்குவது மட்டும் வேண்டாம், அங்கிருந்தே விரிசல் விடும்.

சீலன்டைக் கவனிக்க நேரமில்லாதவர்கள், வண்டியை வருடத்துக்கு ஒரு பயணத்துக்கு மட்டும் வெளியே எடுப்பவர்கள், டியூபோடு போகலாம். ஆனால் இரண்டு சக்கரத்துக்கும் கிழித்த டியூப் உறை, பின்னால் 55க்குக் குறையாத காற்று, எழுத்தும் வால்வும் நேர், ஒவ்வொரு பஞ்சருக்கும் முள் கைக்கு வந்த பிறகே புது டியூப்.

இப்போது டியூப்லெஸ்காரரின் இரண்டு ரிம்மிலும், வால்வுக்குப் பக்கத்தில், சீலன்ட் ஊற்றிய மாதம் அழியா மையில் எழுதியிருக்கிறது.